வெர்டி கேட்ட இன்றைய உடை: ‘லா ட்ராவியாட்டா’வின் நவீன மேடையைப் புரிந்துகொள்ள

வெள்ளையாக வளைந்து நிற்கும் ஒரு பெரிய சுவர். அதன் அடியில் சுவரை ஒட்டியே ஓடும் நீளமான இருக்கை. ஒரு பக்கம் ஆள் உயரத்தையும் தாண்டிய கடிகாரம். அதன் அருகே கறுப்பு உடுப்பில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர். இவை தவிர மேடையில் எதுவுமே இல்லை. வயலின்கள் மெல்லத் தொடங்குகின்றன. சிவப்பு உடை அணிந்த ஓர் இளம்பெண் தள்ளாடியபடி உள்ளே வருகிறாள்.

2005 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இசை விழாவில் மேடையேறிய ‘லா ட்ராவியாட்டா’ இப்படித்தான் ஆரம்பமாகிறது. அடுத்த ஆண்டே டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் அதை டிவிடியாக வெளியிட்டது. ஓபரா என்றால் சரவிளக்கு, பட்டுத் திரை, தரையைப் பெருக்கும் பாவாடை என்று நினைத்திருப்பவர் இதைப் போட்டுப் பார்த்தால் முதலில் குழம்பித்தான் போவார். கதை பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் நடக்கிறது என்றார்களே, பாரிஸ் எங்கே? விருந்து மண்டபம் எங்கே? எதற்கு இந்தக் கடிகாரம்? நானும் முதல்முறை இதே கேள்விகளோடுதான் பார்த்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது, அந்தக் கடிகாரத்தை இந்த ஓபராவுக்கு இசையமைத்த வெர்டியே எழுதிவைத்திருக்கிறார் என்று தோன்றியது. அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். ஓபராவே பார்த்திராதவரும் பின்தொடரலாம்.

எது மாறாது, எது மாறும்

ஓபரா என்பது தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டாலேயே நடக்கும் நாடகம். அதற்கு இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று, கவிஞர் எழுதிய பாடல் நூல். அதை இத்தாலியர்கள் லிப்ரெட்டோ என்பார்கள். இன்னொன்று, இசையமைப்பாளர் எழுதிய இசைக்குறிப்பு. எந்தச் சொல்லை எந்தச் சுரத்தில், எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்கப் பாட வேண்டும், அப்போது எந்தக் கருவி வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த இரண்டிலும் பொதுவாக யாரும் கை வைப்பதில்லை. சில பத்திகளை வெட்டுவது உண்டு, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் மாறலாம். பாடுபவர் என்ன உடுத்துகிறார், எங்கே நிற்கிறார், யாரைப் பார்த்துப் பாடுகிறார், பின்னால் இருப்பது மாளிகையா வெறும் சுவரா என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவு செய்கிறார்கள். அந்த முடிவுகளை எடுப்பவர் மேடை இயக்குநர். அவருடைய மொத்த வேலைக்கும் மேடையாக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆக, ‘நவீன மேடையாக்கம்’ என்றால் பாட்டை நவீனமாக்கியிருக்கிறார்கள் என்று பொருள் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் 1853-ல் எழுதிய அதே இசைதான். கண்ணைத் திறந்தால் வேறு உலகம். அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா, சண்டை போடுகின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கதை

டிவிடியில் தமிழ் சப்டைட்டில் கிடையாது. அதனால் கதையைத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

வியோலெட்டா பாரிஸில் பணக்கார ஆண்களின் தயவில் ஆடம்பரமாக வாழும் பெண். அவளுக்குக் காசநோய். அது அவளுக்கும் தெரியும். ஒரு விருந்தில் ஆல்ஃபிரெடோ என்ற இளைஞன் அவளைச் சந்திக்கிறான். ஓராண்டாக உன்னைத் தொலைவிலிருந்து நேசிக்கிறேன் என்கிறான். முதலில் சிரித்து ஒதுக்குகிறாள். பிறகு அவனோடு பாரிஸுக்கு வெளியே ஒரு நாட்டுப்புற வீட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே மூன்று மாதம் நிம்மதி. செலவுக்கு அவள்தான் தன் உடைமைகளை விற்றுக்கொண்டிருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது.

அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய அப்பா ஜெர்மோன் வருகிறார். மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், மகன் உன்னோடு வாழ்வது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள், நீ விலகிவிடு என்று கேட்கிறார். இந்தக் காட்சியைத் தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் கெஞ்சிப் பார்க்கிறாள், அழுகிறாள், கடைசியில் ஒப்புக்கொள்கிறாள். உண்மையைச் சொல்லாமல் பழைய வாழ்க்கைக்கே திரும்பிப்போகிறாள். துரோகம் செய்துவிட்டாள் என்று நம்பும் ஆல்ஃபிரெடோ, ஃப்ளோரா என்ற தோழி வீட்டு விருந்தில், எல்லார் முன்னாலும் சூதாட்டத்தில் வென்ற பணத்தை அவள்மேல் வீசுகிறான். இதோ, இவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன், எல்லாரும் சாட்சி என்கிறான். மூன்றாம் அங்கத்தில் அவள் தனியாகச் சாகக் கிடக்கிறாள். உண்மை தெரிந்து அவன் ஓடி வருகிறான். நேரம் கடந்துவிட்டது.

‘லா ட்ராவியாட்டா’ என்றால் ‘வழிதவறியவள்’. கதையைக் கேட்டபின் வழிதவறியவர் யார் என்ற கேள்வி வருகிறது அல்லவா, அந்தக் கேள்வியைத்தான் இசை கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்றைய கதை என்றார் வெர்டி

வியோலெட்டாவுக்குப் பின்னால் உண்மையான ஒரு பெண் இருந்தாள். மரி டுப்ளெசி என்ற அந்தப் பாரிஸ்காரி 1847-ல், 23 வயதில் காசநோயால் இறந்துபோனாள். அவளைக் காதலித்தவர்களில் ஒருவரான அலெக்சாந்தர் டூமா இளையவர், அடுத்த ஆண்டே அவள் கதையை நாவலாக எழுதினார். 1852 பிப்ரவரியில் அது பாரிஸில் நாடகமானது. அந்தக் குளிர்காலத்தில் வெர்டியும் பாரிஸில்தான் இருந்தார். அடுத்த ஆண்டு, 1853 மார்ச் 6-ம் தேதி, வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கில் ‘லா ட்ராவியாட்டா’ அரங்கேறியது. பாடல் நூலை எழுதியவர் பிரான்செஸ்கோ மரியா பியாவே.

ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தப் பெண் இறந்து ஆறே ஆண்டுகள். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பழங்கதை இல்லை, நேற்றைய செய்தி. 1853 ஜனவரி 1-ம் தேதி தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வெர்டியே இது நம் காலத்துக் கதை என்கிறார். உடை, காலம் போன்ற தயக்கங்களால் வேறொருவர் இதைத் தொட்டிருக்க மாட்டார் என்றும் எழுதுகிறார். பார்வையாளர் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த அதே மாதிரி உடையில் பாடகர்கள் மேடையில் நிற்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆனால் வெனிஸில் அது நடக்கவில்லை. கதையை ஏறத்தாழ 1700-ம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். பாடகர்கள் ஒன்றரை நூற்றாண்டு பழைய உடையோடும் அலங்காரத்தோடும் நின்றார்கள். உங்கள் ஊரில், உங்கள் காலத்தில் இப்படி ஒரு பெண்ணை நசுக்குகிறீர்கள் என்று சொல்ல வந்த நாடகம், ஏதோ பாட்டனார் காலத்தில் நடந்த சோகமாக ஆகிவிட்டது.

முதல் இரவு சரியாகப் போகவில்லை. மறுநாள் வெர்டி எழுதிய கடிதம் புகழ்பெற்றது: நேற்று ட்ராவியாட்டா தோல்வி, குற்றம் என்னுடையதா பாடகர்களுடையதா, காலம் தீர்ப்புச் சொல்லும். அடுத்த ஆண்டு அதே வெனிஸில் வேறொரு அரங்கில் போட்டபோது பெரிய வெற்றி. ஆனால் அப்போதும் உடை பழைய உடைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஓபராவை எழுதிய காலத்தில் வெர்டி, ஜுசெப்பீனா ஸ்ட்ரெப்போனி என்ற பாடகியோடு மணமாகாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். ஊரார் அவளை என்ன பார்வை பார்த்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1859-ல்தான் மணந்தார். வியோலெட்டா ஜுசெப்பீனாதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊர் வாய் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதை அவர் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆகவே ‘ட்ராவியாட்டாவை நவீன உடையில் போடலாமா?’ என்ற கேள்வியைக் கேட்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. முதன்முதலில் அதைக் கேட்டவர் வெர்டி. மறுத்தது வெனிஸ்.

காலத்தை மாற்றுவதும் காலத்தையே எடுத்துவிடுவதும்

மேடை இயக்குநருக்கு இவ்வளவு அதிகாரம் வந்தது இருபதாம் நூற்றாண்டில். போருக்குப் பின் 1951-ல் ஜெர்மனியின் பைராய்ட் விழா மறுபடி தொடங்கியபோது, ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் பேரன் வீலாண்ட் வாக்னர், தாத்தாவின் ஓபராக்களிலிருந்து கோட்டை, கொம்பு வைத்த தொப்பி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஏறக்குறைய காலி மேடையையும் வெளிச்சத்தையும் மட்டும் வைத்தார். நாஜிகளுக்குப் பிரியமான அந்தப் பழைய காட்சிகளை அப்படியே திரும்ப வைக்க முடியாத நிலைமை. 1976-ல் அதே பைராய்டில் இயக்குநர் பத்ரீஸ் ஷெரோ, வாக்னரின் ‘மோதிரம்’ ஓபராத் தொடரில், ரைன் நதிக்குக் குறுக்கே ஓர் அணையை மேடையில் வைத்துக் கதையைத் தொழில் யுகத்துக்குக் கொண்டுவந்தார். கூச்சல் போட்டார்கள். பின்னால் அந்த மேடையாக்கமே படமாக்கப்பட்டு வீடுவீடாகப் போயிற்று.

நவீன மேடையாக்கங்களை நான் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். ஒன்று, கதையைத் தேதியோடு இடம் மாற்றுவது. ஜோனதன் மில்லர் 1982-ல் லண்டனில் வெர்டியின் ‘ரிகோலெட்டோ’வை இத்தாலிய அரண்மனையிலிருந்து எடுத்து, நியூயார்க் மாஃபியா நடுவில் வைத்தார். பாஸ் லூர்மன் 1990-ல் சிட்னியில் புச்சினியின் ‘லா போயெம்’ கதையை 1957-ம் ஆண்டுப் பாரிஸுக்கு நகர்த்தினார். இரண்டுக்கும் வீடியோ உண்டு. புதிதாக ஓபராவுக்கு வருபவருக்கு இந்த வகை எளிது, புது இடம் எது என்று உடனே பிடிபட்டுவிடும்.

இந்த வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ட்ராவியாட்டாவை இன்றைய பாரிஸில் வைத்தால் அங்கே காசநோயால் யார் சாகிறார்கள்? மாத்திரை இருக்கிறதே? 2019-ல் பாரிஸில் சைமன் ஸ்டோன் வியோலெட்டாவைச் சமூக ஊடகப் பிரபலமாக ஆக்கியபோது, நோயையும் புற்றுநோயாக மாற்றினார். ஐரோப்பியருக்குக் காசநோய் தாத்தா காலத்து நோய். நமக்கு அப்படியில்லை. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தியாவில்தான் இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் அவள் இருமலைக் கேட்கும் தமிழருக்கு அது பழைய சத்தமாக இருக்காது.

இரண்டாவது விதம், தேதியையே எடுத்துவிடுவது. இது 1853-ம் இல்லை, 2005-ம் இல்லை. சால்ஸ்பர்க் மேடையின் இயக்குநர் வில்லி டெக்கர் செய்தது இதைத்தான். உடைகள் மட்டும் இன்றைய உடைகள். மேடையை வடிவமைத்தவர் வூல்ஃப்காங் குஸ்மான்.

கடிகாரம் எங்கிருந்து வந்தது

இப்போது அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். இதற்கு இசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாட்டு எதுவும் தொடங்குமுன் மூன்று, நான்கு நிமிடங்களுக்கு இசைக்குழு மட்டும் வாசிக்கும் முன்னிசை ஒன்று இருக்கிறது. வயலின்கள் பல பிரிவுகளாகப் பிரிந்து, மிக உயரத்தில், கேட்டும் கேட்காமலும் வாசிக்கும். மூச்சு வாங்குவது போன்ற ஓர் இசை. அது முடிந்து திரை விலகினால் விருந்துக் கும்மாளம். சரி, அந்த மெலிந்த வயலின் இசை மறுபடி எங்கே வருகிறது தெரியுமா? மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில், அவள் மரணப் படுக்கையில் கிடக்கும்போது. அதாவது வெர்டி கதையை அதன் முடிவிலிருந்து ஆரம்பிக்கிறார். விருந்து தொடங்கும் முன்பே அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று வயலின்கள் சொல்லிவிடுகின்றன. நாம்தான் முதல்முறை கேட்கும்போது அதைப் புரிந்துகொள்வதில்லை.

டெக்கர் அந்தச் செய்தியைக் கண்ணுக்குக் கொண்டுவருகிறார். முன்னிசை ஒலிக்கும்போதே அவள் தள்ளாடி வருகிறாள், கடிகாரம் அங்கே நிற்கிறது, பெரியவர் காத்திருக்கிறார். பிறகு கூட்டம் உள்ளே பாய்கிறது. அவள் சட்டென்று நிமிர்ந்து, சிரித்து, விருந்தின் ராணியாக மாறிவிடுகிறாள். அந்த ஒரு கணத்தில் எனக்கு முழு ஓபராவும் புரிந்தது.

இன்னொரு சான்று மூன்றாம் அங்கத்தில். ஜெர்மோன் அனுப்பிய கடிதத்தை அவள் வாசிக்கிறாள். உண்மையை மகனிடம் சொல்லிவிட்டேன், அவன் வருகிறான், நானும் வருகிறேன் என்று அதில் இருக்கிறது. முழு ஓபராவிலும் பாடாமல் வெறுமனே பேசப்படும் இடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. அவள் வாசிக்கும்போது, முதல் அங்கத்தில் ஆல்ஃபிரெடோ காதலைச் சொன்ன அதே மெட்டை வயலின் பின்னால் தனியாக வாசிக்கிறது. கடிதம் முடிகிறது. அவள் இரண்டே சொற்களில் கத்துகிறாள்: ‘எ தார்தி!’ நேரமாகிவிட்டது. இது பியாவே எழுதிய சொல், வெர்டி அமைத்த இடம். டெக்கரின் கடிகாரம் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த உருவம்.

அந்தப் பெரியவர் யார்? அவர் டாக்டர் கிரென்வில். பாடியவர் லூய்ஜி ரோனி. பாடல் நூலில் இவருக்கு மிகச் சிறிய பங்கு. கடைசி அங்கத்தில் வேலைக்காரி அன்னினாவிடம், இன்னும் சில மணி நேரம்தான் என்று காதோடு சொல்வார். ஆனால் நூலைப் புரட்டினால் ஒன்று தெரியும். முதல் விருந்திலும் அவர் விருந்தாளிகளில் ஒருவர். ஃப்ளோரா வீட்டு விருந்திலும் இருக்கிறார். பெரும்பாலான மேடையாக்கங்களில் அவர் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோவார். டெக்கர் அவரைக் கூட்டத்திலிருந்து எடுத்து ஓரமாக நிறுத்தி, பேசாமல் பார்க்க வைக்கிறார், அவ்வளவுதான். அவர் மரணம் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. சொல்லாமலே தெரிகிறது.

கறுப்புக் கூட்டமும் பூப்போட்ட அங்கியும்

கோரஸ் என்னும் பாட்டுக் கூட்டத்தை டெக்கர் கையாண்ட விதம் சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் இந்த மேடையாக்கத்தின் துணிச்சலான இடம். ஆணும் பெண்ணும் எல்லாருமே ஆண்களின் கறுப்புக் கோட்டு சூட்டில் வருகிறார்கள். மேடை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு சிவப்பு. முதல் விருந்தில் புகழ்பெற்ற அந்த மதுக் கிண்ணப் பாட்டு வரும்போது இசை குதிபோடுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவதோ வேட்டையை வளைத்துக்கொண்ட கூட்டம். இது இசைக்கு எதிரானது என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்து இசை உற்சாகமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது யாருடைய உற்சாகம்? பக்கத்து அறையில் வால்ட்ஸ் என்னும் நடன இசை வாசித்துக்கொண்டே இருக்கிறது, இங்கே அவளுக்கு மயக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், அங்கே வால்ட்ஸ் நிற்பதில்லை. அப்படித்தான் வெர்டி எழுதியிருக்கிறார்.

ஃப்ளோரா வீட்டுக் காட்சியில் இது இன்னும் கொடூரமாகிறது. அதே சிவப்பு உடையை ஓர் ஆண் போட்டுக்கொண்டு அவளைக் கேலி செய்கிறான். கடிகாரமே கிடத்தப்பட்டுச் சூதாட்ட மேசையாகிறது. ஆல்ஃபிரெடோ பணத்தை வீசுவதோடு நிற்கவில்லை, நோட்டுகளை அவள் உடைக்குள் திணிக்கிறான். பார்க்க முடியாத காட்சி. பழைய பாணி மேடைகளில் அவன் நாகரிகமாக ஒரு பணப்பையை அவள் காலடியில் எறிவான், அவள் அழகாக மயங்கி விழுவாள். நாமும் அழகாக வருந்துவோம். இங்கே அந்த வசதி இல்லை.

இதற்கு நேர் எதிர், இரண்டாம் அங்கத்தின் முதல் பாதி. மேடையில் திடீரென்று பூக்கள். சோபாக்கள் மேல் பூப்போட்ட துணி, இருவர் உடம்பிலும் பூப்போட்ட அங்கி. நூலின்படி ஆல்ஃபிரெடோ இங்கே தனியாக வந்து தன் மகிழ்ச்சியைப் பாட வேண்டும். டெக்கரோ வியோலெட்டாவையும் மேடையில் வைத்துக்கொள்கிறார். அவன் பாடுகிறான், இருவரும் குழந்தைகள் மாதிரி ஒளிந்து விளையாடுகிறார்கள். இது நூலுக்கு மாறான செயல்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இந்த ஓபராவில் இருவரும் மகிழ்ச்சியாகச் சேர்ந்து வாழ்வதைக் காட்டும் காட்சி ஒன்றுகூட இல்லை. முதல் அங்கத்தில் சந்திக்கிறார்கள், அடுத்த அங்கத்தில் அவன் மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்கிறான், உடனே அப்பா வந்துவிடுகிறார். இழப்பதற்கு முன் அவர்களிடம் என்ன இருந்தது என்பதை நாம் பார்ப்பதே இல்லை. டெக்கர் அதை மூன்று நிமிடம் காட்டிவிடுகிறார். அதனால்தான் அடுத்த காட்சி அவ்வளவு வலிக்கிறது.

அந்த அடுத்த காட்சி, அப்பாவும் வியோலெட்டாவும் தனியாக இருக்கும் நீண்ட காட்சி, இந்த ஓபராவின் நெஞ்சு. ஜெர்மோனாகப் பாடிய தாமஸ் ஹாம்ப்சன் வில்லனாக நடிக்கவில்லை. கௌரவமான, கறாரான, தன் குடும்பத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். வியோலெட்டாவாகப் பாடிய அன்னா நெட்ரெப்கோ, நான் விலகுகிறேன் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள் எனப் பாடும் இடத்தில் குரலை நூலாக இழைக்கிறார். சற்று நேரத்தில் ஆல்ஃபிரெடோ திரும்பி வருகிறான். காரணம் சொல்லாமல், என்னை நேசி ஆல்ஃபிரெடோ, நான் உன்னை நேசிப்பதுபோல் என்னை நேசி என்று வெடிக்கிறாள். அந்த மெட்டு உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கும். முன்னிசையில், அந்த மெலிந்த வயலின்களுக்கு அடுத்து வந்த மெட்டு அதுதான்.

ஏன் எல்லாருக்கும் பிடிப்பதில்லை

நவீன மேடையாக்கத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரும் பழமைவாதிகள் அல்ல. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பாட்டில் ‘வாள்’ என்று வரும்போது கையில் துப்பாக்கி இருந்தால் உறுத்தும். சில இயக்குநர்கள் இசையைக் கேட்காமலே தங்கள் கருத்தை மேடையில் கொட்டிவிடுகிறார்கள். பாடகர் எதற்கு அந்த இடத்தில் நாற்காலியைத் தூக்கிப் போடுகிறார் என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்டவற்றையும் பார்த்திருக்கிறேன், பாதியில் நிறுத்தியும் இருக்கிறேன். நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றே: மேடையில் செய்த மாற்றம், இசையில் ஏற்கெனவே இருந்த ஒன்றை எனக்குக் கேட்க வைத்ததா? கடிகாரம் கேட்க வைத்தது. அதனால் ஏற்றுக்கொள்கிறேன்.

டெக்கரின் மேடையிலும் ஓர் இழப்பு இருக்கிறது, ஒளிக்க வேண்டாம். வியோலெட்டா அனுபவித்த செல்வம் எங்கேயும் தெரிவதில்லை. அவள் எதை விற்று அந்த வீட்டை நடத்தினாள், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாள் என்பதை வெள்ளைச் சுவர் சொல்லாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் 1994-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் ரிச்சர்ட் ஐர் மேடையேற்றிய ட்ராவியாட்டாவைப் பாருங்கள். ஜார்ஜ் ஷோல்ட்டி இசை நடத்த, ஆஞ்செலா கியோர்கியு பாடியது. அதுவும் டிவிடியாகக் கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் அதில் அப்படியே இருக்கும்.

திரையில் பார்க்கும்போது

சால்ஸ்பர்க்கின் பெரிய விழா அரங்கில் மேடை முகப்பு மட்டும் 30 மீட்டர் அகலம். 2,000 பேருக்கு மேல் உட்காரலாம். கடைசி வரிசையில் இருந்தவருக்கு வியோலெட்டா, பெரிய வெள்ளைப் பரப்பில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளியின் தனிமைதான் மேடையின் முக்கியமான படம். டிவிடியில் நாம் பார்ப்பது வேறு. வீடியோவை இயக்கிய பிரையன் லார்ஜ், முன்பு சொன்ன ஷெரோவின் பைராய்ட் ஓபராக்களையும் படமாக்கியவர். அவர் கேமராவை நெட்ரெப்கோவின் முகத்துக்கு அருகில் கொண்டுபோகிறார். வியர்வை தெரிகிறது, மூச்சு வாங்குவது தெரிகிறது, ஆல்ஃபிரெடோவாகப் பாடும் ரோலாண்டோ வில்லாசோன் அவளைப் பார்க்கும்போது கண் நிறைவது தெரிகிறது.

இந்த இடத்தில் வீடியோவுக்கும் இந்த மேடையாக்கத்துக்கும் நல்ல பொருத்தம். சாமான்கள் நிறைந்த மேடையைக் கிட்டத்தில் காட்டினால் அட்டையும் சாயமும் தெரிந்துவிடும். வெறும் சுவர் எவ்வளவு அருகிலும் பொய்யாகத் தெரியாது. ஆனால் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தால் கறுப்புக் கூட்டம் எங்கே நிற்கிறது, டாக்டர் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது தவறிப்போகும். நம் கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கேமரா முடிவு செய்துவிடுகிறது. அதனால் முழு மேடையும் தெரியும் காட்சி வரும்போதெல்லாம் ஓரங்களையும் பார்த்துவிடுங்கள். தேவைப்பட்டால் நிறுத்தி வைத்துப் பாருங்கள். வீட்டில் பார்ப்பதன் சலுகை அது.

ஒலிக்கு டிவி ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். முன்னிசையின் தொடக்கம் அதில் காணாமலே போய்விடும். நல்ல ஹெட்போன் போதும். வாசிப்பது வியன்னா பில்ஹார்மோனிக், நடத்துபவர் கார்லோ ரிட்சி. அந்த வயலின்களைத் தெளிவாகக் கேட்காவிட்டால் இந்த மேடையாக்கத்தில் பாதி புரியாது.

முழு இரண்டு மணி நேரத்தையும் ஒரே இரவில் பார்த்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் நாள் முன்னிசையும் முதல் அங்கமும் மட்டும் பாருங்கள். ஏறக்குறைய அரை மணி நேரம்தான். அந்த அங்கத்தின் முடிவில் எல்லாரும் போனபின் வியோலெட்டா தனியாக நின்று, ‘எ ஸ்த்ரானோ’, விசித்திரமாக இருக்கிறதே என்று தொடங்குகிறாள். காதல் தனக்குள் புகுந்துவிட்டதைக் கண்டு திகைக்கும் சொல். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் இரண்டாம் அங்கம், அதற்கடுத்த நாள் மூன்றாவது. கடைசி நிமிடங்களில், ஆல்ஃபிரெடோ பக்கத்தில் இருக்க, அவள் அதே சொல்லைத் திரும்பச் சொல்கிறாள், இந்த முறை பாடாமல். வலி போய்விட்டது, பலம் திரும்புகிறது, நான் வாழப் போகிறேன் என்கிறாள். அவளுக்குக் கீழே இசைக்குழுவில் மெதுவாக எழும் மெட்டு எது என்று மட்டும் கவனியுங்கள். அது முதல் அங்கத்தில் அவன் காதலைச் சொன்னபோது கேட்டது.